போத்தல் பாலும் பின்வேலிப் பொட்டும்

என் தம்பி இப்போது கிளிநொச்சியில் வீடு கட்டி, அதற்குள் ஒரு குழந்தையையும் குழந்தைக்கு நிகரான பராமரிப்போடு ஒரு குளிர்சாதனப் பெட்டியையும் வைத்திருக்கிறான். பெட்டியின் நடுத்தட்டில் பால் போத்தல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கரைத்த நேரம் எழுதி ஒட்டியிருக்கும். அண்மையில் போயிருந்தபோது கை கழுவாமல் ஒரு போத்தலைத் தொட்டுவிட்டேன். என்னைக் குசினிக்கு வெளியே நிறுத்தி, "அக்கா, பால் எண்டால் விளையாட்டில்லை" என்று தொடங்கி ஒரு பிரசங்கமே செய்து முடித்தான். பணிவோடு கேட்டுக்கொண்டு நின்றேன். அவனுடைய முதற் போத்தல்களுக்குப் பொறுப்பான அதிகாரி நான்தான் என்பதை நினைவூட்டவில்லை. அதைச் சொன்னால் மீதியையும் சொல்லவேண்டி வரும்.

அப்போது நாங்கள் முரசுமோட்டையில் இருந்தோம். குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பின்னால் இன்னொரு வீட்டு வளவு, அதற்கப்பால் வாய்க்காலும் வயலும், மின்சாரம் கிடையாது. தம்பி பிறந்த கையோடு அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலேயே மறித்துவிட்டார்கள். குழந்தைக்கும் தொற்றக்கூடாதென்று அவனை மட்டும் துவாயில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்கள். அப்பா வரும் வழியில் ஒரு தகரப் பேணி பால்மாவும் இரண்டு கண்ணாடிப் போத்தலும் வாங்கிக்கொண்டு வந்தார். துணைக்கு அவருடைய தமக்கை, எங்கள் மாமி, பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

அப்பா எதையும் முறைப்படி செய்பவர். உரப்பையில் அச்சடித்திருப்பதை முழுக்க வாசித்த பிறகுதான் வயலுக்கு உரம் எறிவார். பால்மாப் பேணியையும் அப்படியே சுற்றிச் சுற்றி வாசித்தார். கரண்டியில் மாவை அள்ளி, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்து, ஒரு தூசி கூடினாலும் பேணிக்குள் திருப்பித் தட்டினார். போத்தல்களும் இரப்பர் சூப்பிகளும் சோற்றுப் பானைக்குள் கடகடவென்று கொதித்தன. வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா அடுப்படிக்கும், தம்பி கிடந்த சேலை ஏணைக்கும் இடையில் நடந்தார். மாமி அதே பாதையில் எதிர்த்திசையாக நடந்தார். நான் இருவருடைய காலிலும் மாறி மாறி இடறினேன். எனக்கென்று ஒரு பதவியும் இருந்தது. கரைத்த பாலில் ஒரு துளியை மணிக்கட்டில் விட்டு, சூடு சரி என்று அறிவிக்கவேண்டும். நான் தலையாட்டாமல் தம்பி வாயில் பால் போகாது. அத்தகைய அதிகாரம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எனக்கு வாய்க்கவில்லை.

விறகு அடுப்பு எங்கள் அவசரத்துக்கு எரியவில்லை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொதித்து ஆறுவதற்குள் தம்பி கத்திக் கறுத்துவிடுவான். கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வயலில் வேலை செய்யும்போது குடிதண்ணீர்ப் பானையை ஈரமண்ணில் புதைத்துக் குளிர வைப்பது வழக்கம். அதே மாதிரி, காலையிலேயே இரண்டு போத்தலையும் கரைத்து நிரப்பி, மாமரத்தடி ஈரமண்ணுக்குள் கழுத்துவரை புதைத்து, மேலே நனைத்த சாக்கைப் போட்டார்.

"எங்கடை வீட்டுப் பிரிஜ்" என்று போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்.

மத்தியானம் தோண்டியெடுத்த போத்தலிலிருந்து ஒரு துளியை மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, சரி என்று தலையாட்டினேன். சூடு பார்ப்பதுதான் என் கடமை. புளிப்பு என் இலாகாவுக்குள் வராது. தம்பி குடித்ததைக் கக்கினான். பிறகு வயிற்றாலும் போகத் தொடங்கியது.

சைக்கிளில் வந்த மருத்துவிச்சி மாமரத்தடியைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணை, நெல்லெண்டால் மூடி வைக்கலாம். இது பால். ஒவ்வொருக்காலும் புதுசாய்க் கரைக்கோணும், மிச்சத்தை ஊத்திப்போடோணும். பிள்ளை இனியும் மெலிஞ்சால் என்னைக் கூப்பிடாதேங்கோ, நேரை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோ."

அப்பாவைப் பிறர் ஏசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் போய்ச் சாக்கை எடுத்து உதறினார்.

அதன் பிறகு புதிதாகவே கரைத்தார். ஆனால் தம்பிக்குப் போத்தல் மீது நம்பிக்கை போய்விட்டது. சூப்பி உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயிறு ஓடுவது நின்றும் கன்னம் ஒட்டிப்போயிற்று. அழுகை வரவர மெலிந்து பூனைக்குட்டியின் சத்தமாயிற்று. "குடியடா ராசா, ஒருக்கால் குடியடா" என்று அப்பா போத்தலை ஏந்திக்கொண்டு ஏணையின் பக்கத்தில் குந்தியிருப்பார். அந்தக் குரல் வயலில் நூறு பேரை மேய்க்கும் குரலாக இருக்கவில்லை.

மாமிதான் நோயைக் கண்டுபிடித்து அப்பாவிடம் சொன்னார். "தம்பி, இது நாவூறு. பிரிஜ் பிரிஜ் எண்டு ஊரைக் கூட்டிக் காட்டினாயெல்லே. ஆரின்ரையோ கண் பட்டுப்போச்சு. பின்வளவுப் பிள்ளை நல்லாய் நாவூறு கழிக்குமாம்."

"மிளகாயைச் சுத்திப் போட்டால் பசி போகுமோ அக்கா?"

"பசி போகாது. பார்வை போகும். தா பிள்ளையை."

அப்பா போத்தலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "என்னத்தையாவது செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பின்வளவில் இருந்தவர்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவர்கள் எங்கள் வயலில் வேலை செய்தார்கள். மாமி சொன்ன அந்த அக்காவுக்குத் தவழ்கிற பருவத்தில் ஒரு குழந்தை இருந்தது. வேலை நாட்களில் அவவுக்குத் தேநீர் கொடுப்பதற்கென்று எங்கள் தாழ்வாரக் கூரையில் ஒரு தகரப் பேணி செருகியிருக்கும். அதில் நாங்கள் ஒருவரும் குடிப்பதில்லை. அவர்கள் வீட்டுத் தண்ணீரையும் நாங்கள் குடிப்பதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. சூரியன் ஏன் கிழக்கில் வருகிறது என்றும் நான் கேட்டதில்லை.

இரண்டு வளவுக்கும் நடுவில், பின்னிய தென்னோலைக் கிடுகால் கட்டிய வேலி. அதன் மூலையில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி இருந்தது. வேலியில் அப்படி விடும் வழியை எங்கள் ஊரில் பொட்டு என்போம். மாமி தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்குள்ளால் குனிந்து போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"நீ வந்தால் பலிக்காது. போய் அடுப்பைப் பார்" என்று துரத்திவிட்டார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது தம்பி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். கடைவாயில் வெள்ளையாக எதுவோ காய்ந்திருந்தது. தோளில் கிடந்தபடி வயிறு நிறைந்த ஏவறை ஒன்றும் விட்டான். எனக்குப் புல்லரித்துவிட்டது. உப்புக்கும் மிளகாய்க்கும் இவ்வளவு வலிமையா!

ஒரு தடவையில் போகிற பார்வை இல்லைப்போலும். மாமி விடியவும் கொண்டு போனார், மத்தியானமும் கொண்டு போனார், பொழுதுபடவும் கொண்டு போனார். ஒருநாள் கிடுகுக்கு இந்தப் பக்கம் நின்று காதைக் கொடுத்தேன்.

"குடுங்கம்மா, பாப்பா மூஞ்சி எப்படி வாடிக் கெடக்கு."

"மெல்லக் கதை பிள்ளை. அவன் அங்காலை நிக்கிறான்."

"ஐயாவுக்குத் தெரிஞ்சா ஏச மாட்டாங்களா?"

"ஏசினால் நான் வாங்கிக்கொள்ளுறன். நீ உன்ரை வேலையைப் பார்."

அப்பாவுக்கு மூடநம்பிக்கை பிடிக்காது என்பது ஊரறிந்தது. அதனால்தான் ஒளிக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே விளங்கும்.

ஒன்று மட்டும் இடித்தது. மிளகாய் எரிகிற நெடி வரவேயில்லை. எங்கள் அடுப்பில் ஒரு செத்தல் மிளகாய் தவறி விழுந்தாலே வாய்க்கால் வரைக்கும் தும்மல் கேட்கும். மாமியிடம் கேட்டேன்.

"நல்ல கைராசிக்காரி சுத்தினால் மணக்காதடி" என்றார் மாமி.

இதற்கிடையில் போத்தல் வேலையும் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. அப்பா கொதிக்க வைத்தார், மட்டமாக வழித்தார், கரைத்தார். நான் மணிக்கட்டில் துளி விட்டுத் தலையாட்டினேன். அவர் வயலுக்குப் போனதும் மாமி போத்தலை என் கையில் திணிப்பார். "வீணாக்கக் கூடாது, குடி. அப்பாட்டைச் சொல்லாதை." நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து, பள்ளிக்கூடம் போகிற வயதில், சூப்பியைக் கழற்றிவிட்டுப் போத்தல் பால் குடித்தேன். அப்பா வந்து வெறும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"பாத்தியளே அக்கா? முறையாய்க் கரைச்சால் பிள்ளை குடிக்கும்."

"ஓம் தம்பி. உன்னைப் போலை ஆர் கரைப்பினம்" என்பார் மாமி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

தம்பியின் கன்னம் திரண்டது. என்னுடையது அதைவிடத் திரண்டது. வகுப்பில் எனக்குக் கொழுக்கட்டை என்று பெயர் வந்தது.

அந்த நாட்களில் அப்பாவுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு வந்தது. வயலிலிருந்து பின்பக்கமாகத் திரும்புகிறவர், தூரத்தில் வரும்போதே பெரிதாகச் செருமத் தொடங்குவார். செருமிவிட்டு நேரே வராமல், வாய்க்கால் ஓரமாக நின்று, ஏற்கெனவே கழுவிய மண்வெட்டியைத் திரும்பவும் கழுவுவார். மாமி பொட்டுக்குள்ளால் தம்பியோடு வந்து சேர்ந்த பிறகுதான் முற்றத்தில் கால் வைப்பார். சளித் தடிமன் என்று நினைத்து அவருக்கு மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். முழுவதையும் குடித்தார்.

அம்மா காய்ச்சல் தீர்ந்து, பாதி உடம்போடு வீட்டுக்கு வந்தார். மாமி பருத்தித்துறைக்குத் திரும்பிப் போனார். நாவூறு கழிப்பதும் நின்றது; தேறிய தம்பி போத்தலோடு சமாதானமானான். நெல் அறுக்கும் அருவி வெட்டுக் காலத்தில் பின்வளவு அக்கா வேலைக்கு வந்தபோது, நான்தான் அந்தத் தகரப் பேணியில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாப்பா நல்லாக் குடிக்குதுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டா.

"ஓம், ஒரு குறையுமில்லை. போத்தல் பாலிலை வளந்த பிள்ளையெண்டு ஆரும் நம்பாயினம்" என்றார் அம்மா பெருமையாக.

அந்த அக்கா சிரித்தா. தேநீரைக் குடித்து முடித்து, பேணியைத் தானே அலம்பி, கூரையில் அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டுப் போனா. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுவடை முடிந்ததும் வேலி அடைப்பது வழக்கம். வேலி விஷயத்தில் அப்பா கண்டிப்பானவர். கோழி நுழையும் ஓட்டை கண்டாலும் விடமாட்டார். அந்த வருடமும் நாலு பக்கமும் பழைய கிடுகை இழுத்தெறிந்துவிட்டுப் புதுக்கிடுகு கட்டினார். பின்மூலையில் பொட்டு இருந்த இடத்துக்கு வந்ததும் சற்று நேரம் நின்றார். பிறகு கட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"அப்பா, இந்தப் பொட்டை அடைக்கேல்லையே?"

"கிடுகு முடிஞ்சுபோச்சுப் பிள்ளை."

அப்பா பொய் சொல்லமாட்டார் என்பது எங்கள் வீட்டில் கேள்வி கேட்காத இன்னொரு விஷயம். ஆகவே நம்பினேன். மிஞ்சிக் கிடந்த கிடுகுக் கட்டின் மேல் ஏறியிருந்து, காலை ஆட்டிக்கொண்டே நம்பினேன்.