பதினேழாம் தட்டு

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, கோடை ஓய்ந்து முதல் மழை இறங்கிய வாரத்தில்தான் விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருவரும் முதன்முதலில் சந்தித்தனர். முளைத்தட்டுகளுக்கு நீர் தெளிப்பவருக்குப் ‘பூவாளி’ என்றும், முளைகளின் எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றும் அம்மையாருக்குக் ‘கணக்கக்கா’ என்றும் பெயர் நிலைத்தது. ஒரு முளை ஐயமானாலும் அக்கா தட்டை விளக்கடியில் வைத்து மறுபடி எண்ணச் சொல்வார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, அக்கா ஓய்வுபெறப் பத்து நாள் இருக்கையில், நாற்பது தட்டுகளில் பதினேழாவது பூவாளியின் கைதவறி விழுந்தது.

“எண்ணுறதுக்கு ஒண்ணும் மிஞ்சலக்கா.”

ஆர் (R) என்னும் கணினி மொழியில் வைத்திருந்த பட்டியலில், பதினேழாம் உறுப்புக்கு அக்கா ‘எதுவுமில்லை’ எனக் குறிக்கும் வெற்று மதிப்பை (NULL) இட்டார். சான்றுகள் அஞ்சலில் போயின.

ஒரு வாரத்தில் பெண் விவசாயி ஒருவர் பையோடு வந்து நின்றார்.

“என் விதை முளைக்காதுன்னு சொன்ன புண்ணியவான் யாரு? ஈரத்துணியில முடிஞ்சு வச்சேன், அத்தனையும் முளைச்சுப் பல்லைக் காட்டிட்டு நிக்குது! நாளன்னைக்கு ஊர்ல விதைப்பு, இந்தச் சான்றை வச்சிக்கிட்டு என் விதையை யாரு வாங்குவா?”

அக்கா பட்டியலின் நீளத்தைப் பார்த்தார். முப்பத்தொன்பது. வெற்று மதிப்பை இட்டதும் இடம் காலியாகவில்லை. இடமே நீங்கி, பின்னிருந்தவை யாவும் ஒரு படி முன்னேறியிருந்தன. தட்டுகளுக்குப் பெயர் கிடையாது, வரிசையெண் மட்டுமே. இருபத்துமூன்றாம் தட்டின் நோஞ்சான் விதை இருபத்திரண்டாம் தட்டுக்காரியான இவர் தலையில் விடிந்திருந்தது. நாற்பதாம் சான்று அச்சாகாததற்கு இருவருமாக அச்சுப்பொறியைத் திட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“மூணு நாள்ல வீட்டுக்குப் போறீங்க, எதுக்குக்கா வம்பு? இவங்களுக்கு மட்டும் மாத்திக் கொடுத்துடலாமே” என்று பூவாளி முணுமுணுத்தார். விழுந்த தட்டு அம்பலமாகிவிடுமே என்பது அவர் கவலை.

“அந்த நோஞ்சானை நல்ல விதைன்னு நம்பி ஒருத்தர் விதைச்சிட்டா? தட்டை நழுவவிட்டது நீ. வரிசையை நழுவவிட்டது நான். எல்லாருக்கும் தப்பைச் சொல்லி எழுதப்போற கடிதத்துல என் பேர் போதும்.”

மூலத்தாளிலிருந்து அனைத்தையும் மீண்டும் ஏற்றினார். இம்முறை வெற்று மதிப்பை ஒரு சிறு பட்டியலுக்குள் பொதிந்து பதினேழாம் இடத்தில் வைத்தார். நீளம் நாற்பது, இடம் காலியாகவே நின்றது. பெண் விவசாயி திருத்திய சான்றோடு போனார். மற்றவர்களுக்கும் கடிதம் போயிற்று. பதினேழாம் விதைக்கு உரியவரிடம் இன்னொரு பிடி விதை வாங்கிப் பூவாளி புதுத்தட்டில் இட்டார்.

கடைசி நாள் மாலை, வண்டியில் ஏறிக் கைப்பையை வாங்கிக்கொண்டு அக்கா ஒன்றே கேட்டார்.

“ஏழாம் நாள் பதினேழுல எத்தனை முளைச்சிருக்குன்னு எண்ணிட்டு போன் பண்ணு தம்பி. ஒண்ணுமே முளைக்கலைன்னாலும் பண்ணு.”