ஐந்தில் ஒரு பிரதி

நான் முதன்முதலாக விலை கொடுத்து வாங்கிய புகைப்படத்தில், பசுவந்தனைக் கரிசலில் ஒரு பெண் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். படமெடுத்தவர் ஐந்தே பிரதிகள் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் கையெழுத்திட்டிருந்தார். கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, “அவிய எப்பத் தவறுனாவ?” என்றார்.

“யாரும் சாவலக்கா. இது கலை,” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளிச் சட்டத்தில் செருகிவிட்டுப் போனார். நான் பிடுங்கி எறிந்தேன்.

அடுத்த வாரம் படமெடுத்தவரிடம் அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். “போன ஐப்பசியில தவறிட்டாவ அண்ணாச்சி. அவிய வீட்டுல ஒரு படங்கூடக் கிடையாது,” என்றார்.

இப்போது நானே பூ வைக்கிறேன். மற்ற நான்கு பிரதிகளும் எந்தெந்தச் சுவர்களில் கலையாகவே தொங்குகின்றனவோ?