தனம் தன் வீட்டு வாசலில் கழற்றிய சப்பாத்து

கோலசிலாங்கூர் டவுனில், வெள்ளக்கறை படிந்த சுவருக்கு அடிக்கக் கடையில் நான் சாயம் பார்த்துக்கொண்டிருந்தபோது தனலட்சுமியின் தம்பி செல்வம் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழைத்தான். “அக்கா, தனம் அக்கா போயிட்டாங்க.”

“எங்க போனா? வார்டு மாத்திட்டாங்களா?” என்று கேட்டேன். அவன் அழுதான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாயத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்களுக்கு அவளைத் தெரியும். அவள் ஓட்டிய வெள்ளைப் பள்ளி வேன், உரத்த குரல், நெற்றியில் பெரிய பொட்டு. வேலைசெய்த தோட்டத்தைக் கம்பெனி விற்ற பிறகு நாங்கள் குடிவந்த வரிசை வீடுகளில் அவள் வீடு என் வீட்டுக்கு அடுத்தது. நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. பேசாமல் இருந்த வாரமும் கிடையாது.

அவள் இருந்த கடைசி வெள்ளத்தில் தண்ணீர் வடிந்ததும், எல்லாரும் தங்கியிருந்த பள்ளி மண்டபத்திலிருந்து திரும்பினோம். எங்கள் வரிசை முனியாண்டி அண்ணன் முதல் வேலையாகக் குளிர்பெட்டி ஓடுகிறதா பார்க்கிறேன் என்று தன் வீட்டு மெயின் சுவிட்சில் கை வைக்கப் போனார். தனம் குறுக்கே போய் நின்றாள். “வயர்மேன் வந்து பாக்காம கை வச்சீங்க, மொத மாலை நான்தான் வாங்கிப் போடுவேன் லா!” அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். மறுநாள் வந்த வயர்மேன் சுவரிலிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சேறு அடைத்திருந்தது.

என்னையும் விடவில்லை. நனைந்த அரிசியை வெயிலில் பரப்பி வைத்திருந்தேன். ஒரு மூட்டை அரிசி, மனசு கேட்குமா? தனம் வந்து பார்த்தாள், பாயோடு சுருட்டிக் குப்பையில் கொட்டினாள். “நீ யாருடி என் சோத்துல கை வைக்க?” என்று கத்தினேன். “சாக்கடத் தண்ணி குடிச்ச அரிசி. ஒன் பேரப்புள்ளைக்கு வயித்தால போனா நான் வேன்ல தூக்கிட்டு ஓடணும்” என்றாள். அன்று சாயங்காலம் அவள் வேனில் காப்பாற்றி வைத்திருந்த அரிசியில் பாதி என் அடுப்படிக்கு வந்தது. நான் நன்றி சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

சேற்றில் இறங்குகிறவர்களை அவள் வாசலிலேயே நிறுத்திக் காலைப் பார்ப்பாள். முட்டிவரை ரப்பர் சப்பாத்து இருக்க வேண்டும். “எலி மோண்ட தண்ணி இது. கால்ல ஒரு கீறல் போதும்” என்பாள். வரிசை முழுக்க அப்படித்தான் கழுவினோம். கடைசியாகத்தான் தன் வீட்டுக்குப் போனாள்.

அங்கே, வாசற்படியில், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. நம் வீடுகளில் யார் செருப்போடு உள்ளே போகிறோம்? அதிலும் சாமி அறை. உள்ளே கணுக்கால் அளவு சேறு கிடந்தது. அவள் வெறுங்காலோடு இறங்கி, சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கழுவி, தரையைக் கையால் வழித்து, மஞ்சள் நீர் தெளித்து, விளக்கேற்றிவிட்டுத்தான் வந்தாள். அவள் குதிகாலில் எப்போதும் பித்தவெடிப்பு இருக்கும்.

பிறகு காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலி தாங்க முடியவில்லை என்றாள். “பீரோவத் தூக்குன வலிடி” என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். கண் சிவந்த பிறகு நான்தான் வற்புறுத்தி கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். டாக்டர் சரியாகத்தான் கேட்டார்: “வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தீர்களா?”

தனத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “நானா? சப்பாத்து இல்லாம எறங்குனவங்கள நான் தொரத்தி அடிச்சிருக்கேன் டாக்டர்!”

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு வெள்ளம் என்றால் ரோடு, சாக்கடை, அடுத்தவர் வீடு. தன் வீட்டுக்குள் நடந்தது அந்தக் கணக்கில் சேராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மாத்திரையோடு திரும்பினோம். சில நாளில் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எலிக்காய்ச்சல் சிறுநீரகம்வரை போயிருந்தது. அங்கேதான் ஒரு தாதி, வீட்டுக்குள் எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டார். தனம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஐயோ, அந்தப் பார்வையை என்னால் மறக்கவே முடியவில்லை.

அவளை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அவள் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவள் அதட்டல்தான் இருக்கிறது. அதில் அவள் சொல்லாமல் விட்டதை நான் சேர்த்துக்கொண்டேன்: வீட்டுக்குள்ளும் சப்பாத்துதான். காய்ச்சல் வந்தால், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

போன வாரம் மறுபடி தண்ணீர் ஏறி இறங்கியது. சப்பாத்தோடு எங்கள் வீட்டுச் சாமி அறை வாசலில் நின்றேன். “அப்படியேவா போற?” என்றார் வீட்டுக்காரர். “அப்படியேதான்” என்றேன். உள்ளே போகும்போது கால் கூசியது. அம்மன் படத்தை இறக்கிச் சேற்றைத் துடைக்கையில் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. “சப்பாத்தோடயே வாடி, பரவாயில்லன்னு அவகிட்ட நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா தாயே?” என்று கேட்டேன்.