எங்கள் வீட்டில் படி இல்லை

உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் நான்காம் பாரம் முடியும்போது கணக்கு வாத்தியார் எங்களை இரண்டு பட்டியலாகப் பிரித்தார். முதல் பட்டியலுக்கு அல்ஜீப்ரா உண்டு, பிறகு காலேஜில் கணக்கோ சயன்ஸோ படிக்கலாம். இரண்டாவதற்கு வெறும் பொதுக் கணக்கு. என் பெயர் இரண்டாவதில் இருந்தது. பரீட்சையில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. எழுந்து காரணம் கேட்டேன்.

"நடவுக்குப் போற வூட்டுப் பொண்ணுக்கு அல்ஜீப்ரா இன்னாத்துக்கு?" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

நான் உட்காராமல் நிற்கவே, பலகையில் ஒரு கணக்கு எழுதினார். எக்ஸில் அரை, கால், அரைக்கால் மூன்றையும் கூட்டினால் ஏழு, எக்ஸ் எவ்வளவு? முதலில், அல்ஜீப்ரா பட்டியலில் முதலாவதாக இருந்த மிராசுதார் வீட்டுப் பையனை அழைத்தார். அவன் பின்னங்களை மட்டும் எட்டால் பெருக்கி, ஏழு எக்ஸ் சமம் ஏழு, எக்ஸ் ஒன்று என்று முடித்தான்.

"வலப்பக்கத்து ஏழை ஏன்டா விட்டே?"

"அது முழுசாத்தானே சார் கீது. அத்த எதுக்குத் தொடணும்?"

அடுத்து நான் போனேன். ஏழையும் எட்டால் பெருக்கி ஐம்பத்தாறாக்கினேன். எக்ஸ் எட்டு என்று வந்தது.

"நெட்டுருவா?"

"இல்ல சார். எங்க வூட்ல படி இல்ல, ஆழாக்குதான் கீது. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அரைப்படியோ ஏழு படியோ, எல்லாத்தையும் அதாலதான் அளந்தாவணும்."

வகுப்பு சிரித்தது. படி உள்ள வீட்டுப் பிள்ளைகள், சிரிக்கட்டும் என்று நின்றேன். வாத்தியார் விடவில்லை. எக்ஸில் பாதியும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்து என்று எழுதினார்.

"மூணுல ஒண்ணு வந்தா உன் ஆழாக்கு இன்னா பண்ணும்?"

எட்டை மூன்றால் வகுத்தால் மீதி நிற்கும். ஆழாக்கு உதவாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் மீதியில்லாமல் வருகிற சின்ன எண் எது என்று யோசித்தேன்.

"அப்ப வேற அளவு செஞ்சிக்கிறேன் சார். படிக்கு ஆறு."

எல்லாவற்றையும் ஆறால் பெருக்கினேன். மூன்று எக்ஸ், இரண்டு எக்ஸ், அந்தப் பக்கம் முப்பது. எக்ஸ் ஆறு. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"சரி, போய் உட்காரு."

"பேரை மாத்தி எழுதுங்க சார். உட்கார்றேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். நான் சாக்பீஸோடு பலகையருகே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்தார்.