நல்லதண்ணீரில் இருபது நிமிடம்

என் இடது கையில் இன்று ஒரு தழும்பும் இல்லை. இருந்திருக்க வேண்டியது. அது இல்லாமற்போன கதையில் என்னுடைய பங்கு வெறும் பேராசைதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பா யாழ்ப்பாண நகரத்தில் கலியாணம் முடித்து, சித்தியை எங்கள் ஊரான புளியங்கூடலுக்கு அழைத்து வந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. புதுப்பெண்ணுக்காக ஞாயிறு பூசை முடிந்ததும், பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டு ஒடியற்கூழ் காய்ச்சுவதென்று பெரியம்மா முடிவெடுத்தார். எங்கள் வீட்டில் பெரியம்மா முடிவெடுத்தால் அப்பா நண்டு வாங்கப் போவார், சித்தப்பா விறகு கொத்துவார், அம்மா தேங்காய் துருவுவார். சித்திக்கு மட்டும் வேலையில்லை. அவர் ஏதாவது செய்ய எழும்பினால், "நீங்கள் இருங்கோ பிள்ளை, உடுப்பில கரி பிரளும்" என்று பெரியம்மா தேனொழுகச் சொல்லி இருத்திவிடுவார். நான்கு நாட்களாக இப்படியே இருந்து சித்திக்கு நன்றாக அலுத்திருக்கும்.

கூழ்ப் பானையை இறக்கி முற்றத்தில் வைத்தார்கள். கூழின் மேலே பெரிய நண்டுக்கால் ஒன்று தெரிந்தது. அதை நான் எனக்கென்று குறித்துக்கொண்டேன். பங்கு பிரிக்கும்போது அது வேறு யாருக்கும் போய்விடக்கூடும் அல்லவா? கூழ் குடிப்பதற்காகப் பனையோலையில் மடித்துவைத்திருந்த பிளா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒருவரும் பார்க்காத நேரம் பானைக்குள் விட்டேன். ஓலை மடங்கியது. நான் இழுத்தேன். பானை சரிந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை என் கை கூழாயிற்று.

கூழ் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடிவிடாது. ஒட்டிக்கொண்டு நின்று சுடும். நான் போட்ட சத்தத்தில் அம்மா பற்பசையோடு ஓடிவந்தார். அப்பா கையில் முட்டை. பெரியம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்துகொண்டே வந்தார். மூன்று வைத்தியமும் ஒரே கையில் இறங்க இருந்தன.

"ஒண்டும் பூசாதேங்கோ!"

சித்திக்கு அப்படியொரு குரல் இருக்கிறதென்று அதுவரை எவருக்கும் தெரியாது. என்னைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கிக்கு ஓடினார். குழாயை முழுதாகத் திறந்து, அதன் கீழே என் கையைப் பிடித்தார்.

வீடே உறைந்து நின்றது. எங்கள் கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் வாயில் வைக்க முடியாத உவர். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் வரும் நல்லதண்ணீர்தான். அது அந்தத் தாங்கியில் பெரியம்மாவின் ஆட்சியில் இருந்தது. அதில் முகம் கழுவப் பார்த்ததற்கே என் காது ஒருமுறை திருகப்பட்டிருக்கிறது. சித்திக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வளர்ந்த வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

கூழ் கழுவப்பட்டுப் போனதும் என் காப்புகளைச் சித்தி கழற்றினார். "வீங்கினால் பிறகு கழட்ட ஏலாது" என்றார்.

"எவ்வளவு நேரம் பிள்ளை இப்பிடிப் பிடிக்கவேணும்?" என்று அம்மா அழுகையோடு கேட்டார்.

"இருபது நிமிசம்."

"இருபதோ?" என்றார் பெரியம்மா.

அடுத்த பவுசர் புதன்கிழமைதான் வரும். அந்த வேதனையிலும் நான் பெரியம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை எரிந்ததைவிட அது பயமாக இருந்தது.

"அக்கா, கிணத்துத் தண்ணி அள்ளட்டோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அந்த உப்பையோ? வெந்த தோலிலயோ? விசர்க்கதை கதைக்காதை" என்று பெரியம்மா சீறினார்.

பாதி நேரம் போயிருக்கும். குழாய் நூலாகி, சொட்டாகி, நின்றது. தண்ணீர் நின்றதும் எரிவு திரும்பி வந்தது. நான் கத்தினேன். பெரியம்மா விறுவிறென்று உள்ளே போய், இரண்டு கைகளிலும் இரண்டு கான் நல்லதண்ணீரோடு வந்தார். அவை எங்கே இருந்தன என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஒன்றைச் சரித்து அவரே ஊற்றத் தொடங்கினார்.

"மெல்ல ஊத்துங்கோ" என்றார் சித்தி.

பெரியம்மாவுக்கு ஒருவர் கட்டளையிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் மெல்ல ஊற்றினார்.

இருபது நிமிடம் முடிந்தபோது கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதை ஊசியால் குத்தலாமா என்று கேட்ட அப்பாவைச் சித்தி பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னுக்குப் போனார். சித்தி தன் கலியாணப் பெட்டியிலிருந்து ஒரு புதுத் தலையணை உறையை எடுத்துக் கையை இறுக்காமல் மூடினார். சித்தப்பா பிடித்து வந்த ஓட்டோவில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் உறையை விலக்கிப் பார்த்துவிட்டு, "உடன தண்ணி விட்டது ஆர்?" என்று கேட்டார்.

ஏதோ குற்றத்தை விசாரிப்பதாக நினைத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. சித்தி வகுப்பில் இருப்பவர் போலக் கையை உயர்த்தினார்.

"நல்ல வேலை செய்திருக்கிறியள். பிள்ளைக்குப் பெரிசாத் தழும்பு வராது."

அம்மா அங்கேயே விம்மி விம்மி அழுதார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார். அந்த நேரம் அந்த அறையில் இறங்கிய நிம்மதியை நான் இன்றும் உணர்கிறேன். சித்தி பள்ளிக்கூடத்தில் முதலுதவி படித்தவராம். சிநேகிதிகளின் நல்ல கைகளுக்குக் கட்டுப்போட்டதோடு சரி, உண்மையான காயத்தைத் தொட்டது இதுவே முதல்முறை என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஓட்டோவால் இறங்கியதும் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சித்தியின் முன்னால் நின்றார்.

"உனக்குக் கொஞ்சமெண்டாலும் அறிவிருக்கோடி? அவ்வளவு நேரமும் ஈரச் சட்டையோட நிக்கிறாய். காலமை தொடக்கம் ஒரு வாய் சாப்பிடேல்லை. நீயும் வருத்தமாக் கிடந்தால் ஆர் பாக்கிறது? போ, உடுப்பை மாத்திப்போட்டு வந்து மிச்சக் கூழைச் சூடாக்கு!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தண்ணீர் போன ஆத்திரத்தை இப்போது தீர்க்கிறார் என்று நினைத்து, கட்டுப்போட்ட கையோடு இருவருக்கும் நடுவில் பாய்ந்தேன். "சித்தியை ஏசாதேங்கோ!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சித்தியும் சிரித்தார். பிறகு ஏதோ பரிசு கிடைத்தவர் போலக் குசினிக்குள் ஓடினார். நன்றி கெட்ட வீடு என்று அன்று முழுவதும் நான் பெரியம்மாவோடு கதைக்கவில்லை. விருந்தாளிகளை அவர் ஒருநாளும் ஏசியதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.