வாய் திறக்காத ராணி

சிரம்பானில் நடக்கும் நாடக விழாவுக்கு வருஷம் தவறாமல் போகிறவன் நான். பெரிய ரசிகன் என்று நினைக்க வேண்டாம். என் அக்கா அதில் ராணி வேடம் கட்டுவாள், அதனால் போகிறேன். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துக் குழு எங்களுடையது. பழைய பாணி நாடகம். வசனத்தைவிடப் பாட்டு அதிகம். கடைசிக் காட்சியில் செத்துப்போன மகனை மடியில் போட்டுக்கொண்டு ராணி பாடுவாள். அந்தப் பாட்டைக் கேட்கத்தான் எங்கள் ஆட்கள் செம்பனைக் காட்டு வேலையிலிருந்து குளிக்காமல்கூட வந்து உட்காருவார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ விழா முடிந்த பிறகு அக்காவின் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது. குரல் போனது. பேச முடிந்தது, மேலே ஏறிப் பாட முடியவில்லை. அவள் விடவில்லை. வேலை பார்க்கும் பள்ளிக் கேன்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டே பழகினாள். சுருதியை இறக்கி, குரல் உடைகிற இடத்தில் உடைந்தபடியே பாடினாள். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

ஆர்மோனியம் வாசிக்கும் மாமாதான் குழுவை நடத்துகிறவர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் மாமா. ஒத்திகையில் அக்கா பாடி முடித்ததும் பெட்டியை மூடினார்.

“லோரி ஹார்ன் மாதிரி இருக்கும்மா.”

“ஹார்ன் அடிச்சாத்தான் மாமா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க.”

குழுவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“போன வருஷம் நீ பாடுன ரெக்கார்டிங் இருக்கு. அதப் போட்டுக்கலாம். நீ சும்மா வாய அசை, போதும் லா. கப்பு நமக்குத்தான்.”

“அது இப்ப உள்ள நான் இல்ல மாமா. நான் பாடுறேனே.”

“ஒன் கொரலுதானே? என் பொண்டாட்டியா வந்து பாடுனா?”

அக்கா என்னைப் பார்த்தாள். “மாமா சொல்றதக் கேளுக்கா” என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கூடப் பிறந்தவளைப் பார்த்து ஊர் சிரிக்க எவன் சம்மதிப்பான்?

போன வருஷ விழாவில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசிக் காட்சி வந்தது. துணிப் பொம்மை மடியில். பாட்டு ஓடத் தொடங்கியது. மாமா ஆர்மோனியத்தில் விரலை வைத்து வாசிப்பதுபோல் ஆட்டினார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

மூடியவள் திறக்கவேயில்லை. அவளுடைய பழைய குரல் மண்டபம் முழுக்கக் கதறியது. அவள் பொம்மையின் தலையைத் தடவியபடி ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, வாய் எங்கக்கா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. என் காது சூடாகிவிட்டது. மாமாவின் விரல்கள் மட்டும் விடாமல் ஆடின.

சிறந்த நடிகை பரிசு அவளுக்கே கிடைத்தது. நடுவர் மைக்கைப் பிடித்து விளக்கம் வேறு சொன்னார்: “துக்கத்தில் ராணிக்கு வாய் அடைத்துவிட்டது. பாட்டு அவள் மனதுக்குள் ஓடுகிறது. அருமையான உத்தி!” மாமா ஓடிப்போய், “யோசிச்சுத்தாங்க செஞ்சோம்” என்றார். கொஞ்சமும் கூசவில்லை.

திரும்பும்போது வேனில் கப்பை மடியில் வைத்துக்கொண்டு, “அடுத்த வருஷமும் இப்படியே செஞ்சிடுவோம்” என்றார்.

“அடுத்த வருஷம் அந்த ஸ்பீக்கரையே ராணியா உக்கார வைங்க மாமா” என்றாள் அக்கா. “சேலை நான் கட்டி விடுறேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

கப்பு கோயில் மண்டபத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அக்கா ஒத்திகைக்குப் போவதில்லை. கேன்டீனில் அதே பாட்டை அதே உடைந்த குரலில் பாடுகிறாள். இந்த வருஷ விழா நெருங்குகிறது. அவளைக் கூட்டி வா என்று மாமா எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அவளிடம் போகவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பாட விடுகிறேன் என்று அந்த மனுஷன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.