மூன்றாம் அத்தியாயத்து வரி

புரொபசருடைய பெரிய புத்தகத்தை டைப் அடித்தவள் என்றுதான் டைப் அக்காவை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படி ஆரம்பிக்கப் பிடிக்கவில்லை. அவள் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அவள் இருமினால் இந்தப் பக்கம் நான் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடுவேன். அந்த உரிமையில் சொல்கிறேன், அவளை அவளாகவே சொல்லலாம்.

காலேஜுக்கு எதிரே நகராட்சிக் கட்டடம், கீழே வரிசையாகக் கடைகள். அக்கா கடையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன், வந்தவர் உட்கார ஒரு ஸ்டூல். மேஜைக்கடியில் பழைய டைப்ரைட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். "இந்த இரும்ப எதுக்குக்கா கட்டிட்டு அழறே?" என்றால், "கரண்ட் போனா நீயா வந்து அடிப்ப?" என்பாள். மாணவர்களின் ஆய்வேடு, வேலைக்கு மனு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவள் விரலைத் தாண்டித்தான் போகும். காதல் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லி வந்த ஒருவனை, "இதக்கூடக் கையால எழுத முடியலன்னா நீ குடும்பம் நடத்தின மாதிரிதான்" என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்தபோது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அம்மா இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். அக்காவுக்கு அப்போது நடக்கக்கூடத் தெரியாது. நடந்தது, பேசினது, படித்தது, தொழில் கற்றது எல்லாம் இந்த ஊரில்தான். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு யாராவது கல்யாணப் பேச்சு எடுத்தால், "எங்கம்மாவையும் சேத்துக் கட்டிக்கணும், சம்மதமான்னு கேளுங்க" என்பாள். வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மா போய்ச் சேர்ந்ததும் இந்த ஊரில்தான்.

இப்போது புரொபசருக்கு வருவோம். அவருடைய கையெழுத்து கோழி கிளறிய குப்பை. தான் எழுதியதைத் தானே படிக்க முடியாமல், "இங்க என்னம்மா எழுதியிருக்கேன்?" என்று அக்காவிடம் கேட்பார். அவள் பார்த்துச் சொல்வாள். உலகத்திலேயே அந்த எழுத்து புரிந்த ஒரே ஆள் அவள்தான். 'தேசம் என்றால் என்ன' என்பதுதான் அவருடைய வாழ்நாள் படிப்பு. புத்தகம் நான்கு பதிப்பு வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் முழுசையும் முதலிலிருந்து கையால் எழுதிக்கொண்டு வருவார். அப்போதுதான் யோசனை ஓடுமாம். ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டே இருப்பார், அவள் அடித்துக்கொண்டே இருப்பாள், பலகைக்கு இந்தப் பக்கம் நான் நகல் எடுத்துக்கொண்டே கேட்பேன். மழைக்குக்கூடக் கல்லூரிப் பக்கம் ஒதுங்காத எனக்கே அந்தப் புத்தகம் வரிசையாகத் தெரியும் என்றால் பாருங்கள்.

முதல் அத்தியாயத்தில், ஒரே ரத்தம், ஒரே பேச்சு, ஒரே முன்னோர் நினைவு உள்ளவர்கள்தான் ஒரு தேசம் என்று சொன்ன அறிஞர்கள் வருவார்கள். வேர் எங்கே, வேர் எங்கே என்று தோண்டிக்கொண்டே இருப்பவர்கள். இரண்டாவதில் நேர் எதிரானவர்கள். தேசம் தானாக முளைத்ததல்ல, தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் செய்தித்தாளும் சேர்ந்து செய்தது என்பார்கள். முகமே பார்க்காத லட்சக்கணக்கான பேர் காலையில் ஒரே செய்தியைப் படித்துவிட்டு 'நாம்' என்று நினைத்துக்கொள்கிறார்களே, அதுதானாம் தேசம். "அப்போ பேப்பர்காரன் வரலன்னா தேசத்துக்கு லீவா சார்?" என்று பலகை வழியாகக் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் காலத்தில் நல்ல மனுஷன்தான்.

நான்காவது அத்தியாயம், பக்கத்தில் இருப்பவனைக் காட்டி 'இவன் வேறு' என்று சொல்லும்போதுதான் 'நாம்' பிறக்கிறது என்று கண்டுபிடித்தவர்களைப் பற்றியது. எனக்கு அது ஒன்றுதான் கேட்டவுடன் புரிந்தது. எங்கள் வாடகை வீட்டுக் குழாயடியில் தினமும் நடப்பதுதானே.

மூன்றாவதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். ரத்தமும் வேண்டாம், வேரும் வேண்டாம், சேர்ந்து வாழச் சம்மதித்து, அந்தச் சம்மதத்தை நாள்தோறும் புதுப்பிக்கிறவர்கள்தான் ஒரு தேசம் என்று சொன்னவர்களின் அத்தியாயம் அது. முதல் பதிப்பில் அந்த இடத்துக்கு வந்ததும் புரொபசர் தடுமாறினார். "படிக்கறவன் மனசுல ஒட்ட மாட்டேங்குதும்மா. உன்ன யாராவது நீ எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

அக்கா விரலைக்கூட நிறுத்தவில்லை. "காலையில எந்தத் தெருவுல ஷட்டரத் தூக்கறேனோ, அதான் சார் என் ஊரு."

புரொபசர் ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டார். "அத அப்படியே அடிம்மா" என்றார். புத்தகம் வந்ததும் மேடைக்கு மேடை அந்த வரியைச் சொன்னார்கள். கல்லூரியில் பாடமாக வைத்துப் பரீட்சையில் கேள்வியும் கேட்டார்கள். வரி அவர் பெயரில்தான் இருந்தது. அக்காவுக்கு அதில் துளி வருத்தம் இல்லை. "நான் சொன்னா யாரு கேப்பா? அவர் சொன்னா நாலு பேருக்குப் போய்ச் சேரும்" என்று பூரித்துப்போவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் ஆட்சி மாறியது, காற்றும் மாறியது. நகராட்சிக் கடைகள் இந்நாட்டவருக்கு மட்டும்தான் என்று உத்தரவு வந்தது. ஆற்றைத் தாண்டி வந்த குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒரு குழு முன்னால் போய் நிற்க வேண்டும். மதிப்புள்ள ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கூட வந்து 'இவர் நம்மவர்' என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் கடை உண்டு. இல்லையென்றால் கடை போகும், பெயருக்குப் பக்கத்தில் 'வெளியார்' என்று ஏறும்.

"நான் வர்றேன்க்கா. ஒரே வார்த்தையில முடிச்சிடறேன்" என்றேன்.

"நீ வாயத் தொறந்தா அது ஒரு வார்த்தையிலயா முடியும்? குழுத் தலைவர் சட்டையப் பிடிச்சிருவ. சார் வர்றேன்னு சொல்லிட்டாரு, அவர் பாத்துக்குவாரு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மதிப்புள்ள ஆள் என்றால் ஜெராக்ஸ்காரியையா சொல்வார்கள்? அன்று சாயங்காலமே புரொபசர் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். "உனக்கு நான் சொல்லாம வேற யாரும்மா சொல்லுவா? நிம்மதியாத் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பலகைக்கு இந்தப் பக்கம் என் காதாலேயே கேட்டேன்.

விசாரணை நகராட்சிக் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் குழு. நடுவில் வழுக்கைத் தலையோடு தலைவர், ஓரத்தில் ஒரு இளம் அதிகாரி. அக்கா நன்றாகத் தேய்த்த துணி உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். தலைவர் புரொபசரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, இந்தம்மா நம்மவங்களா?"

புரொபசர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "தேசம்ங்கறத அறிஞர்கள் பல விதமாப் பாத்திருக்காங்க" என்று ஆரம்பித்தார்.

அக்கா என் கையைத் தட்டி, "முதல் அத்தியாயம்" என்றாள் மெல்ல, சிரித்துக்கொண்டே. ரத்தம், மொழி, முன்னோர் என்று அது போயிற்று. அது முடிந்து தொழிற்சாலை, பள்ளிக்கூடம், செய்தித்தாள் வந்தது. "ரெண்டாவது. இப்ப நம்மளுது வரும் பாரு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெற்றி முடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். தன் வரிக்காக அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

புரொபசர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "இன்னும் சிலர், பக்கத்துல இருக்கறவங்கள வேறன்னு சொல்றதுலதான் தேசம் உருவாகுதுங்கறாங்க" என்றார்.

மூன்றை விட்டுவிட்டு நான்குக்குப் போய்விட்டார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அடித்து அடுக்கிய தாள்கட்டில் ஒரு தாள் குறைந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. மறந்துவிட்டார், திரும்ப வருவார் என்றுதான் நினைத்தாள் போல. அவர் வரவில்லை. "ஆக, இதுல அறிஞர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. குழு என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்" என்று முடித்து உட்கார்ந்தார். மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதிக்கும். புதிதாக வரப்போகும் தேசியப் பண்பாட்டு வாரியத்துக்கு அவரைத் தலைவராகப் போடப் பேச்சு நடந்துகொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைக் கத்தியில்லாமல், குரலைக்கூட உயர்த்தாமல் செய்தார் பாவி.

"நீங்க ஏதாவது சொல்றீங்களாம்மா?" என்று தலைவர் அக்காவிடம் கேட்டார்.

அக்கா எழுந்தாள். "காலையில எந்தத் தெருவுல ஷட்டரத் தூக்கறேனோ, அதான் சார் என் ஊரு."

இளம் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கெட்ட பிள்ளை இல்லை, பணிவாகத்தான் சொன்னார். "அம்மா, அது நம்ம ஐயா புத்தகத்துல வர்ற வரி. நாங்கல்லாம் காலேஜ்ல மனப்பாடம் பண்ணியிருக்கோம். அடுத்தவங்க வரி வேணாம், உங்க மனசுல இருக்கறத உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க."

அக்கா புரொபசரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட வேற வார்த்தை இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் நான் போட்ட கூச்சலையும், என்னை வெளியே கொண்டுபோய் விட்டதையும் இங்கே சொல்லிப் பிரயோஜனமில்லை.

கடை போனது. அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அவள் கம்ப்யூட்டரை என் கடை மூலையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "உனக்கும் வம்பு வேணாம்" என்று மறுத்துவிட்டாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, வீடு தேடி வருகிறவர்களுக்கு அடித்துக் கொடுக்கிறாள். அந்த அறைக்கு ஷட்டர் இல்லை, தகரக் கதவுதான். புரொபசர் பெயரை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவரே என் கடை வாசலில் வந்து நின்றார். கூட வாரியத்துக் கார், டிரைவர், கையில் தடியாக ஒரு தாள்கட்டு. "அவங்க எங்க இருக்காங்கம்மா? அஞ்சாம் பதிப்பு வருது. எங்கெங்கயோ குடுத்துப் பாத்துட்டேன், யாருக்கும் என் எழுத்து புரியல" என்றார்.

"மூணாவது அத்தியாயம் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. அதுல ஒரு எழுத்துகூட மாத்தல. அதுக்காகத்தான இந்தப் புத்தகத்த வாங்கறாங்க." சொல்லும்போது அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்த கோபத்துக்கு அந்தத் தாள்கட்டை அவர் முகத்திலேயே எறிந்திருப்பேன். இதில் முடிவு சொல்ல வேண்டியவள் நான் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். கடையைச் சாத்திவிட்டு டிப்போ பக்கம் போனேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினாள். மூன்றாவது அத்தியாயத்தில் நின்றாள். கண் வரிவரியாக ஓடியது, எந்த இடத்திலும் தடுக்கவில்லை. ஷட்டர் வரி வந்ததும் அதன்மேல் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு தாள்களை ஓரம் தட்டி அடுக்கி, முன்பிருந்த மாதிரியே கயிறு போட்டுக் கட்டி, என் மடியில் வைத்தாள்.

"கையெழுத்து புரியலன்னு சொல்லிடு" என்றாள்.